பாட்டில் கழுவும் படலம்

ரேணிகுண்டாவில் காயலான் கடைக்குக் காலி பீர் பாட்டிலை விற்கத்தான் ஆள் போகும். நான் வாங்கப் போனேன். கடைக்காரர், "அம்மடானிக்கா சார்?" என்றார். "காதய்யா, கொனடானிக்கி" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். சரக்கு வாங்க வக்கில்லாமல் பாட்டிலை மோந்து பார்த்துக்கொள்ளும் கேஸ் என்று முடிவு கட்டியிருப்பார் போல. பேரம் பேசாமலே ஒன்று ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தார். மொத்தம் 24. எல்லாம் 650 மில்லி, பழுப்புக் கண்ணாடி.

சாக்கை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்தால், மலையிலிருந்து இறங்கிய மொட்டைகள் கூட்டமாக ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சாக்கு 'கிணிங்' என்றது. ஒரு பாட்டியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கோவிந்தா" என்றபடி பேரனை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் செய்ய நினைத்தது பீர்தான், மறைப்பானேன். ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரித்தால் கலால் சட்டம் சும்மா விடாது. பச்சைக் கொடி இல்லாமல் வண்டியை நகர்த்தாத ரயில்வே கார்டு உத்தியோகம் பார்த்தவன் நான். தவிர, பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டாப் பெண்கள் 1992-ல் சாராயத்துக்கு எதிராகக் கிளப்பிய நெருப்பு, 1995-ல் என்.டி. ராமராவை முழு மதுவிலக்கே கொண்டுவர வைத்தது. 1997-ல் அரசாங்கம் அதைத் தளர்த்தியது. எங்கள் வீட்டில் இன்னும் தளர்த்தவில்லை. ஆகவே இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பாட்டிலில் அடைத்து, லேசாக நுரை கட்டியதும் ஃபிரிஜ்ஜில் ஏற்றிவிட்டால் இஞ்சி பானம்.

அதைக் காய்ச்ச அரை மணி நேரம் ஆனது. பாட்டில் கழுவ இரண்டு நாள்.

"ஏங்க, குடிச்ச டம்ளரை எடுத்து சிங்க்ல போட்டதில்லை நீங்க" என்றாள் மனைவி, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. முதல் பாட்டிலுக்குள் பீடித் துண்டு. அடுத்ததில் கரப்பான்பூச்சி, மல்லாந்த நிலையில். மூன்றாவதில் யாரோ பினாயில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அதை எத்தனை தடவை அலசினாலும் ஆஸ்பத்திரி வராந்தாதான். தூக்கிப் போட்டேன். மற்றவற்றை வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் லேபிளெல்லாம் தானாகக் கழன்று மிதந்தது. உள்ளே அடியில் ஒட்டியிருந்த பாசிக்கு, பேத்தியின் பால் புட்டி பிரஷ்ஷை இரவல் எடுத்ததில் மருமகளோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. கடைசியில் அம்மா நல்லெண்ணெய் பாட்டில் கழுவிய வித்தைதான் கைகொடுத்தது: ஒரு பிடி அரிசி, கொஞ்சம் வெந்நீர், தோள்பட்டை கழலும்வரை குலுக்கல். கழுவிக் கவிழ்த்தபின் கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால் சுத்தம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரிகிற அழுக்குதான் போயிருக்கிறதாம், கிருமி அப்படியே இருக்குமாம். பீர் கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் 1876-ல் தனிப் புத்தகமே போட்டுவிட்டார். "மொட்டைமாடி வெயில்ல வைங்க" என்றாள் மனைவி. ரேணிகுண்டா வெயிலுக்கு எதுதான் தப்பும்? பழுப்புக் கண்ணாடி தப்பும். வெயிலில் பீர் நாறக் கூடாதென்றுதான் அந்த நிறமே. உள்ளே இருக்கும் கிருமிக்கும் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி. சரியென்று கொதிக்கும் தண்ணீரை ஒன்றில் ஊற்றினேன். 'டக்'. அடிப்பாகம் வட்டமாகக் கழன்று, வளையல் மாதிரி தரையில் உட்கார்ந்தது.

அதன்பிறகுதான் புத்தி வந்தது. அண்டாவில் துணி விரித்து, பாட்டில்களைப் படுக்கவைத்துப் பச்சைத்தண்ணீர் ஊற்றி, கூடவே சூடேற்றிக் கொதிக்கவிட்டேன். ஒரு ஈட்டுக்கு நாலு. 22 பாட்டிலும் முடிந்தபோது கேஸும் முடிந்தது.

பானத்தை அளந்தேன். ஐந்து லிட்டர் இருந்தது. ஏழு பாட்டில் நிறைந்து, மிச்சத்தை மனைவி டம்ளரில் பிடித்துக்கொண்டாள். இந்த வகுத்தல் கணக்கை முதலிலேயே போட்டிருக்கலாம்.

ஃபிரிஜ்ஜில் ஆறுக்குத்தான் இடம். சோடா மூடி அடித்த ஏழாவதைச் சமையலறை மூலையில் சாக்கால் சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அது வெடித்தது. மூடுபனியில் தண்டவாளத்தில் வைக்கும் டெட்டனேட்டர்தான் என்று எழுந்து கைவிளக்கைத் தேடினேன். வெளியே வைத்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுகொண்டே, வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. சாக்கு இருந்ததால் சுவர் தப்பியது.

பானம் நன்றாகத்தான் இருந்தது. கொதிநீரில் குளித்த பாட்டில் 15 இன்னும் பரணில் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், இலவசம். சாக்கு மட்டும் கொண்டுவாருங்கள். திரும்பும்போது ஸ்டேஷன் ரோடு வேண்டாம்.