ஏழு வயதானால் அப்பாவுக்கா?

கேள்வி: விவாகரத்தின்போது பிள்ளை அம்மாவிடம் போனது. இப்போது ஏழு வயது முடிந்துவிட்டது. இனி அப்பாவுக்குத்தானே?
– வாசகர், கம்போங் ராஜா, கேமரன் மலை

பதில்: பிறந்தநாள் கேக்கை வெட்டியதும் பிள்ளை கைமாறிவிடாது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று அனுமானிக்கிறது. அதையும் மறுத்து வாதாடலாம். வயது கடந்தால் அந்த அனுமானம் விலகும். அப்பாவுக்கென்று புதிதாக ஒன்று முளைக்காது. பழைய உத்தரவை மாற்ற 96ஆம் பிரிவு கேட்பது வேறு: சூழ்நிலையில் பெரிய மாற்றம், அல்லது அந்த உத்தரவே தவறான தகவலில் பிறந்தது என்ற நிரூபணம். ‘கோலாலம்பூரில் நல்ல பள்ளி இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கட்டும், மலையில் வேரூன்றிய பிள்ளையைப் பெயர்த்தெடுப்பது அதன் நலனுக்கா, உங்கள் வெற்றிக்கா என்று நீதிபதி பார்ப்பார். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார். அதற்கு முந்தைய வாரம் நீங்கள் வாங்கித் தந்த கைப்பேசியும் அவர் கண்ணில் படலாம்!