தராசுக்குத் தாட்சண்யம் கிடையாது

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக முதன்முறையாக விமானத்தில் டெல்லி போகிறேன். டிக்கெட்டில் 15 கிலோ, 7 கிலோ என்று இரண்டு கணக்கு இருக்கிறதே?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் வாழ்த்துகள், பாட்டியாகப் போகிறீர்கள்! 15 கிலோ, கவுன்ட்டரில் ஒப்படைக்கும் பெட்டிக்கு. 7 கிலோ, கையோடு கொண்டுபோகும் பைக்கு. இதில் மிச்சமானதை அதில் கழிக்க முடியாது. இரண்டும் தனித்தனிக் குடித்தனம்.

சில நிறுவனங்களில் ஆளுக்கு ஒரு பெட்டிதான். இரண்டாவது பெட்டி, எடை குறைவாக இருந்தாலும் பணம் கேட்கும். கூடுதல் கிலோ ஒவ்வொன்றுக்கும் விமான நிலையத்தில் சில நூறு ரூபாய் ஆகும். அதையே முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் குறையும்.

கொப்பரையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்பதால் தடை. பிரசவ லேகியமும் ஊறுகாயும் நன்றாக மூடிப் பெரிய பெட்டியில் போகட்டும். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அதன் பேட்டரி தீப்பிடித்தால் பக்கத்தில் ஆள் இருந்து அணைக்க வேண்டுமே! மருந்து, நகை, அடையாள அட்டையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முந்தின நாளே வீட்டில் எடை போட்டுவிடுங்கள். தராசுக்குத் தாட்சண்யம் கிடையாது. காலிப் பெட்டியே மூன்று நான்கு கிலோ தின்றுவிடும். லேசான பெட்டியாக எடுங்கள். மிச்சப்படும் எடையில் அதிரசம் வையுங்கள். மகளுக்கு அதைவிட அவசியமான சாமான் வேறென்ன?