‘டு’வுக்குப் பின்னால் ‘இங்’ வரலாமா?

கேள்வி: இன்டர்வியூவுக்கு அழைத்த கம்பெனிக்குப் பதில் மெயில் போட்டேன். கடைசி வரி, ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’. ‘மீட்டிங் யூ’தான் சரி என்கிறான் அண்ணன். ‘டு’வுக்குப் பிறகு ‘இங்’ வருமா?
- வாசகி, திருச்சி

பதில்: வருமா என்ன, வந்தே தீர வேண்டும். அண்ணன் பக்கம்தான் தீர்ப்பு.

‘டு கோ’, ‘டு ஈட்’ என்று பள்ளியில் உருப்போட்ட பழக்கம். ‘டு’வைக் கண்டதும் கை தானாக வெறும் வினைச்சொல்லை எழுதிவிடுகிறது. ஆனால் ‘டு’வுக்கு இரட்டை வேடம். ‘ஐ வான்ட் டு மீட் யூ’வில் அது வினைச்சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. ‘லுக் ஃபார்வர்டு டு’வில் அது ப்ரிபொசிஷன். அதற்கு அடுத்த நாற்காலி பெயர்ச்சொல்லுக்கு மட்டுமே. வினைச்சொல் அங்கே உட்கார வேண்டுமானால் ‘இங்’ போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் தீபாவளியை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு தீபாவளி’ கச்சிதம், ஆகவே ‘இங்’. ‘ஐ வான்ட் டு தீபாவளி’ ஒட்டவே இல்லை. ஆகவே வெறும் வினை.

இன்டர்வியூவில் உண்மையிலேயே ஆபத்தானது ‘யூஸ்ட் டு’. நெருக்கடியில் வேலை செய்து பழகியவள் என்று சொல்ல நினைத்து, ‘ஐ யூஸ்ட் டு ஒர்க் அண்டர் பிரஷர்’ என்றால், ‘முன்பெல்லாம் செய்வேன், இப்போது இல்லை’ என்றாகிவிடும்! ‘ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங்’ என்று சொல்லுங்கள். ‘ஆம்’ விட்டுப்போனால் வேலையும் விட்டுப்போகலாம்.

போன மெயில் போகட்டும், அந்த ஒரு ‘இங்’குக்காக யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். தைரியமாகப் போய் வாருங்கள்.