செத்தவனுக்கும் ஒரு சோலி குடு

ஏப்பா பேராண்டிகளா, ஹவுசிங் போர்டு முக்குல வண்டிய நிறுத்திப்புட்டு, "தாத்தா, கூட்டாளியோட சேந்து வெளையாட நல்ல கேமா ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டீங்க பாத்தீங்களா. நக்கலுக்குக் கேட்டீங்கன்னு தெரியும். கேட்டது கேட்டாச்சு, பதில வாங்கிட்டுப் போங்க.

மொதல்ல ஆட்டத்தப் பாக்காதீங்கடா, ஆளப் பாருங்க. உங்க நாலு பேத்துல ஒருத்தன் மாசத் தவணையில புதுப் போன் வாங்கிருக்கான். இன்னொருத்தன் அப்பன் போட்டுக் கழிச்ச போனுக்கு ஓரத்துல டேப்பு ஒட்டி, சூடானா காத்தாடிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அந்த டேப்பு ஒட்டுன போனுல எது ஓடுமோ அதுதான்டா உங்க ஆட்டம். அத விட்டுப்புட்டு பெரிய ஆட்டமா எறக்குனா, அவன் பாவம், "லேக் ஆகுதுடா, லேக் ஆகுதுடா"ன்னு கத்திக்கிட்டே சாவான். நீங்களும் அவன் பாட்டன் வரைக்கும் இழுத்து வைவீங்க. அவன் பாட்டன் என் சேக்காளி, அதான் சொல்றேன்.

இந்தப் பப்ஜியவே எடுத்துக்க. 2020 செப்டம்பர்ல தடை போட்டாய்ங்க. 2021 ஜூலையில பிஜிஎம்ஐன்னு பேர மாத்திக்கிட்டு வந்துச்சு. மறு வருச ஜூலையில அதையும் தூக்குனாய்ங்க, 2023 மே மாசம் திரும்பி வந்துருச்சு. அதுக்காக நீங்க பட்ட துக்கத்துல கால்வாசி பரிச்சைக்குப் பட்டிருந்தா, இந்நேரம் முக்குல நிக்காம எங்கிட்டாச்சும் வேலைக்குப் போயிருப்பீங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கவனுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரந்தான்னு வரம்பு வச்சாய்ங்க, பெரியவுக நம்பருக்கு ஓடிபி போகும்னாய்ங்க. நீங்க யாரு நம்பரக் குடுத்தீங்கன்னு நான் கேக்கல.

ஆட்டம் நல்ல ஆட்டந்தான், இல்லேங்கல. நூறு பேரு வானத்துல இருந்து குதிக்கிறாய்ங்க, நாலு பேரு ஒரு கூட்டு. ஆனா குதிச்ச ஒடனே ஒருத்தன் செத்தான்னு வையி, மத்த மூணு பேத்தையும் வேடிக்கை பாத்துக்கிட்டே ஒக்கார வேண்டி வந்துரும் பல நேரம். அவனியாபுரம் ஜல்லிக்கட்டுல கேலரியில ஒக்காந்திருக்கவன் பாக்கவே வந்தவன், அவனுக்கு அது சரி. இவன் காளையப் பிடிக்க வந்தவன்ல? ரெண்டு தடவ பொறுப்பான், மூணாந்தடவ "எங்கம்மா கூப்புடுது"ன்னு வண்டிய எடுப்பான்.

அதனாலதான் எனக்கு அந்த அமங் அஸ் பிடிச்சிருக்கு. 2018-ல வந்து, கேப்பாரில்லாமக் கெடந்து, கொரோனா அடைப்புலதான் ஒலகமே ஆடுன ஆட்டம். நாலு பேர்ல இருந்து பதினஞ்சு பேரு வரைக்கும் சேரலாம். கப்பலுக்குள்ள ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் கொலைகாரன், மத்தவன் பூரா வேலைக்காரன். கூட்டங் கூட்டி எவன் கள்ளன்னு பேசி, ஓட்டுப் போட்டு வெளிய தள்ளணும். "நான் ஒயர் மாட்டிக்கிட்டு இருந்தேன்டா, சத்தியமா"ன்னு ஒருத்தன் சொல்லுவான் பாரு, அவன் மூஞ்சியப் பாக்கவே ஆடலாம். இதுல கெட்டிக்காரத்தனம் என்னன்னா, வேலைக்காரன் செத்தாலும் ஆவியா வந்து மிச்ச வேலைய முடிக்கலாம். செத்தவனுக்கும் சோலி குடுக்குற ஆட்டத்துலதான்டா கூட்டாளி எந்திரிச்சுப் போக மாட்டான். டேப்பு போனுலயும் ஓடும்.

நெட்டு தீந்து போச்சா? மினி மிலிட்டியா இருக்கு, ஒருத்தன் ஹாட்ஸ்பாட்டுல மத்தவன் ஒட்டிக்கலாம். அப்பத்தாவையும் சேக்கணும்னா லூடோ கிங், ஒரே போன மாத்தி மாத்திக் குடுத்தா முடிஞ்சுது. ஆனா தாயக்கட்டை உருட்டிப் பழகுன கை அது, உங்க காய வெட்டிப்புட்டுச் சிரிக்கும், தாங்கிக்கணும்.

புதுசாக் கல்யாணம் ஆனவனுக்குத் தனியா ஒண்ணு சொல்றேன், காதக் குடு. இட் டேக்ஸ் டூன்னு 2021-ல வந்துச்சு. கம்ப்யூட்டரோ கேம் கன்சோலோ வேணும். ரெண்டே பேருதான் ஆட முடியும், ஒருத்தர் வாங்குனா மத்தவுக சும்மாவே சேந்துக்கலாம். விவாகரத்துக்கு நிக்கிற புருசனும் பொஞ்சாதியும் பொம்மையா மாறிப்போயி, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை பண்ணாத்தான் அடுத்த கட்டம் போக முடியும். "நீ குதிக்கச் சொன்னதாலதான் நான் விழுந்தேன்"னு சண்டை வந்தா என்னையத் தேடி வராத.

காசு கட்டி ஆடுற ரம்மி ஆப்ப எவனாச்சும் நீட்டுனா மட்டும் எந்திரிச்சு வந்துருங்க. 2025 ஆகஸ்ட்டுல நாடாளுமன்றமே சட்டம் போட்டு மூடிருச்சு. இன்னமும் ஒருத்தன் கள்ளத்தனமா லிங்க் அனுப்புறான்னா, அவன் கூட்டாளி இல்ல, தரகன்.

சரி, வர்ற ஞாயித்துக்கெழமை அமங் அஸ் போடுறதா இருந்தா எனக்கும் ஒரு எடம் வைங்கடா. அறுவது வருசமா உங்க அப்பத்தாகிட்ட பொய் சொல்லிப் பழகுனவன் நான், என்னைய ஒரு பயலும் கண்டுபிடிக்க முடியாது.