மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?

எங்கள் தெருவில் யாராவது "உங்க மாப்பிள்ளை அமெரிக்காவுல எந்த ஊர்?" என்று கேட்டால், என் மனைவி என்னைப் பார்ப்பாள். நான் சீலிங் ஃபேனைப் பார்ப்பேன். வீடு இருப்பது ஃப்ளோரிடாவில், டாம்பா. வேலைக்கு ஆஜராக வேண்டிய இடம் ('பேஸ்' என்பார்கள்) நெவார்க், அதாவது நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சி. நடுவில் ஏறக்குறைய ஆயிரம் மைல். சென்னையில் குடித்தனம் வைத்துக்கொண்டு ஆக்ராவில் வேலை பார்க்கிற தூரம். அவர் விமானி என்பதால் கேட்பவர்கள் உடனே சமாதானமாகிவிடுவார்கள். "அவருக்கென்ன, பிளேனை எடுத்துக்கிட்டுப் போயிடுவார்" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் ரயில்வேயில் கார்டாக இருந்தவன். (2022-இல் அந்தப் பதவிக்கு 'ட்ரெயின் மேனேஜர்' என்று பெயர் சூட்டினார்கள். அதற்கு முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டதால் கடைசிவரை மேனேஜர் ஆக முடியவில்லை.) எங்களுக்கு ஹெட்குவார்ட்டர்ஸ் என்று ஓர் ஊர் உண்டு. குடும்பம் அங்கேதான். ராத்திரி இரண்டு மணிக்கு, டியூட்டிக்கு அழைக்கக் கால் பாய் வந்து கதவைத் தட்டுவான். தட்டுவதற்கு ஒரு கதவு, அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். உலகத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இதுதான் விதி என்ற நம்பிக்கையில், டாம்பா போன புதிதில் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்: "மாப்பிள்ளை, பேஸ் நெவார்க்குன்னா அங்கேயே ஒரு வீட்டைப் பார்த்துட்டுப் போறதுதானே?"

மகள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் பல சுற்றுகள் நடந்து, ஒருவழியாக ஆறிப்போயிருந்த விவகாரம் அது என்பது கரண்டியின் சத்தத்தில் தெரிந்தது.

"வாங்கலாம் மாமா. நான் வாங்கி முடிச்சதும் பேஸை மூடிடுவாங்க" என்றார் மாப்பிள்ளை.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டி.டபிள்யூ.ஏ. என்ற விமானக் கம்பெனியை வாங்கியது, 2003-இல் அந்தக் கம்பெனியின் கோட்டையான செயின்ட் லூயிஸில் இருந்து பறக்கும் விமானங்களைப் பாதிக்கு மேல் வெட்டியது. பிட்ஸ்பர்கை நம்பி அங்கே வீடு வாங்கியவர்களுக்கு 2004-இல் யு.எஸ். ஏர்வேஸ் கையை விரித்தது. மெம்ஃபிஸை 2013-இல் டெல்டா கைவிட்டது. ஒழுங்காக வேலைக்கு அருகில் வீடு பார்த்த புத்திசாலிகள், நாற்காலியை விட்டு நகராமலே தூரத்து ஊர்க்காரர்கள் ஆனார்கள். வீடு அங்கேயேதான் இருந்தது. வேலைதான் ஊரைக் காலி செய்துவிட்டது.

சரி, உள்ளூரிலேயே வேறு கம்பெனியில் சேரலாமே என்றால், அங்கேதான் சீனியாரிட்டி வந்து நிற்கிறது. அமெரிக்க விமானிக்கு ஜாதகம் என்பது அவர் கம்பெனியில் சேர்ந்த தேதியும் அந்தத் தேதி கொடுத்த எண்ணும்தான். எந்த ஊரில் பேஸ், எந்த விமானம், எந்த மாத அட்டவணை, தீபாவளிக்கு லீவு உண்டா என்பதெல்லாம் அந்த எண் பார்த்துக்கொள்ளும். கம்பெனி மாறினால் இருபது வருஷ கேப்டனும் பட்டியலின் கடைசிக்குப் போய், நேற்று சேர்ந்த பையனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதனால் லேசில் யாரும் மாறுவதில்லை. நியூயார்க் வட்டாரத்தில் வாடகையும் நெரிசலும் அதிகம். மூத்தவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். காலி இடம் கடைக்குட்டிகள் தலையில் விழும். மாப்பிள்ளைக்கு நெவார்க் விழுந்தது அப்படித்தான். வேலை எங்கே என்பது அவர் கையில் இல்லை. வீடு எங்கே என்பது மட்டும்தான் இருக்கிறது. அதுவும் அவர் கையில் இருப்பதாக நான் சொன்னால் மகள் சிரிப்பாள்.

வீடு பார்க்க மகளிடம் ஒரு பட்டியல் இருந்தது. பனி பெய்யக் கூடாது. நல்ல பள்ளிக்கூடம் வேண்டும். கறிவேப்பிலை கிடைக்க வேண்டும். கோயில் வேண்டும், டாம்பாவில் ராஜகோபுரத்தோடு ஒரு கோயில் இருப்பதால் அதற்கு முழு மதிப்பெண். மாப்பிள்ளையின் பட்டியலில் மனிதர் வாழ்வதற்கான அம்சம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஊரிலிருந்து பேஸுக்கு ஒரு நாளைக்கு எத்தனை விமானம்? எத்தனை கம்பெனி? முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு? இதோடு சூரியனும் உண்டு. டென்வரில் குடியிருந்தால், விடியற்காலை முதல் விமானத்தைப் பிடித்தாலும் வழியில் கடிகாரம் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். நெவார்க்கில் இறங்கும்போது மத்தியானம். கிழக்கே குடியிருந்து மேற்கே வேலை என்றால் காலையில் நேரம் லாபம். அதைத் திரும்பி வரும்போது வட்டியோடு கொடுத்துவிட வேண்டும். வாஸ்து பார்ப்பவர்களாவது சூரியனை வாசலோடு விடுவார்கள்.

அழகான ஊர்களை முதலில் தள்ளிவிட வேண்டுமாம். வயோமிங்கில் ஜாக்சன் ஹோல் என்று ஓர் இடம். தேசியப் பூங்காவுக்குள்ளேயே விமான நிலையம், சுற்றிலும் மலை, நடமாடும் மான், மாநில வருமான வரியும் இல்லை. ஆனால் ஆறாயிரம் அடிக்கு மேல் உயரம். கோடை வெயிலில் காற்று மெலிந்தால் விமானம் தூக்கும் எடையும் குறையும். எடையைக் குறைக்க முதலில் இறக்கப்படுவது காசு கொடுக்காமல் ஏறியவர், அதாவது வேலைக்குப் போகும் விமானி. ஓர்லாண்டோவிலிருந்து விமானங்கள் ஏராளம்; ஆனால் டிஸ்னி வேர்ல்டுக்கு வந்த குடும்பங்கள் மிக்கி மவுஸ் காது மாட்டிய பிள்ளைகளோடு எல்லா இருக்கைகளையும் நிரப்பிவிடுகின்றன. லாஸ் வேகஸில் ஞாயிற்றுக்கிழமை மாலை இடம் தேடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

வரி விஷயத்தை மட்டும் அவர் மிகுந்த திருப்தியோடு விளக்கினார். விமானப் பணியாளரின் சம்பளத்துக்கு இரண்டே மாநிலங்கள்தான் வரி போடலாம் என்று அமெரிக்க மத்தியச் சட்டம் சொல்கிறது. ஒன்று, அவர் குடியிருக்கும் மாநிலம். மற்றொன்று, அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் எந்த மாநிலத்தில் சம்பாதிக்கிறாரோ அது. பறக்கும் நேரத்தை வைத்துத்தான் அந்தப் பாதியைக் கணக்கிடுவார்கள். ஒரே மூச்சில் ஐந்தாறு மாநிலங்களைத் தாண்டுகிறவருக்கு எந்த மாநிலத்திலும் பாதி தேறாது. ஆகவே நெவார்க்கில் ஆஜராகிறவரிடம் நியூ ஜெர்சி கை நீட்ட முடியாது. ஃப்ளோரிடாவிலோ தனிநபர் வருமான வரியே இல்லை. டெக்சாஸ், டென்னசி, நெவாடாவிலும் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. அங்கெல்லாம் விமானிகள் குடியேறுவது கடற்கரைக்காக மட்டும் என்று இனி யாராவது சொன்னால் நான் நம்பப்போவதில்லை.

இனி வேலைக்குப் போகும் படலம். நூற்றுத் தொண்ணூறு பேரைக் குறித்த நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய மனிதர், தான் போய்ச் சேர ஸ்டாண்ட்பையில் நிற்கிறார். டிக்கெட் இலவசம்தான், ஆனால் இடம் மிஞ்சினால். மிஞ்சாவிட்டால் காக்பிட்டில் ஜம்ப் சீட் என்ற மடக்கு இருக்கை இருக்கிறது. போட்டிக் கம்பெனிகள்கூட இதில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கின்றன. டிக்கெட் விலையில் கழுத்தை அறுத்துக்கொள்பவர்கள் இந்த ஒரு இருக்கையில் சம்பந்தி முறை கொண்டாடுகிறார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு வேறு கம்பெனி விமானிகளைக் காக்பிட்டில் ஏற்றுவது நின்றுபோனது. பிறகு, வந்திருப்பவர் உண்மையிலேயே விமானிதானா என்று கணினியில் சரிபார்க்கும் ஏற்பாடு வந்ததும் கதவு திறந்தது.

கணினி சரி என்றாலும் கேப்டன் சரி என்று சொல்ல வேண்டும். வாசலில் போய் நின்று, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "உங்களோடு வரலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் உட்காருவது பெரிய மரியாதைக் குறைவு. போன மாதம் தன் விமானத்தில் இப்படிக் கேட்டு ஏறியவரிடமே இந்த மாதம் போய்க் கேட்கவும் நேரும். அதனால் அந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோரிடமும் பணிவாக இருக்கிறார்கள். கேப்டன் சம்மதித்தாலும், அரசாங்க இன்ஸ்பெக்டர் ஒருவர் பரிசோதனைக்கு வந்துவிட்டால் இருக்கை அவருக்கு. எழுந்து வர வேண்டியதுதான்.

போயிங் 737-இன் ஜம்ப் சீட்டைப் பற்றி மாப்பிள்ளை சொன்னதை மரியாதை கருதிச் சுருக்குகிறேன்: காக்பிட் கதவுக்கும் விமானிகளின் முதுகுக்கும் நடுவே அதை விரித்து உட்கார வேண்டும், ஆறடி மனிதர் தம் முழங்காலை எங்கே வைப்பது என்பதைப் போயிங் யோசிக்கவில்லை. ரயிலில் இடமில்லாவிட்டால் ஃபுட்போர்டு உண்டு, கடைசியில் கார்டு வண்டியும் உண்டு. என் பிரேக் வேனில் எத்தனை ஸ்டாஃப் தொற்றிக்கொண்டு வந்தார்கள் என்பதை இப்போதும் நான் சொல்வதாக இல்லை. பென்ஷன் வாங்குகிறவன்.

ஒரு நாள் குடும்பத்தோடு போய் அவரை டாம்பா விமான நிலையத்தில் விட்டு, பேரனுக்குக் கையாட்டிக் காட்டி, வீட்டுக்கு வந்து காபி போட்டு முடிப்பதற்குள் போன். "மாமா, முதல் வண்டி ஃபுல். ரெண்டாவதுக்கு நிக்கிறேன்." சிறிது நேரத்தில் மறுபடி போன்: ரெண்டாவதும் ஃபுல். அவருக்கு வேலை மறுநாள் காலையில்தான். அதற்காகத்தான் முந்தின நாளே கிளம்புவது. பல கம்பெனிகளின் ஒப்பந்தத்தில், இரண்டு விமானங்களுக்கு முறையாக முயன்றும் இடம் கிடைக்காவிட்டால் தண்டனை இல்லை என்று ஒரு ஷரத்து இருக்கிறது. ஆனால் அந்த ஷரத்தை அடிக்கடி பயன்படுத்துகிறவரின் முகம் மேலதிகாரிக்கு மனப்பாடமாகிவிடுமாம். அன்று கடைசி விமானத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு போனார். நான்கு நாள் வேலை இப்படித்தான் ஆறு நாள் ஆகிறது. மிச்ச இரண்டு நாளுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். மகள் மறுபடியும் கரண்டியை எடுத்தாள்.

முந்தின நாளே போனால் எங்கே படுப்பது? ஹோட்டலுக்குக் கம்பெனி பெரும்பாலும் காசு தராது. அதற்குத்தான் க்ராஷ் பேட். விமான நிலையத்தின் அருகே ஓர் அடுக்ககம், அறைக்கறை இரண்டடுக்குக் கட்டில்கள், விமானிகளும் பணிப்பெண்களுமாகச் சேர்ந்து வாடகை. நியூயார்க்கில் கென்னடி, லகார்டியா விமான நிலையங்களுக்கு இடையில் க்யூன்ஸில் உள்ள க்யூ கார்டன்ஸில் இப்படிப்பட்டவர்கள் பெருகிப் பெருகி, அந்த ஊருக்கே 'க்ரூ கார்டன்ஸ்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. இதிலும் வர்க்கபேதம் உண்டு. கூடுதல் காசு கொடுத்தால் உங்கள் கட்டில் உங்களுக்கே. குறைவாகக் கொடுத்தால் எது காலியோ அது. முன்னால் படுத்தவரின் சூடு ஆறியிருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இன்னும் ஒரு படி மேல்: விமான நிலைய வாகன நிறுத்துமிடத்திலேயே மோட்டார் வீடுகளை நிறுத்திக் குடியிருந்தார்கள்.

எங்களுக்கு ஜோலார்பேட்டையில் ரன்னிங் ரூம் இருந்தது. கொசு இருந்தது, வாஸ்தவம். ஆனால் கட்டில் ரயில்வேயுடையது, சமையல்காரர் ரயில்வேயுடையவர், எழுப்பிவிட ஆள் இருந்தான். பைசா கொடுத்துப் படுத்ததில்லை. இதைச் சொன்னபோது மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் இந்திய ரயில்வேயின் மீது முதல்முறையாகப் பொறாமை தெரிந்தது.

இதில் சிரிக்க முடியாத பக்கம் ஒன்று உண்டு. 2009 பிப்ரவரி 12 அன்று நெவார்க்கிலிருந்து புறப்பட்ட கோல்கன் ஏர் விமானம் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தார்கள். கேப்டன் டாம்பா பக்கத்திலிருந்து நெவார்க்குக்கு வந்துபோனவர். துணை விமானி சியாட்டில் பக்கத்திலிருந்து, இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் மெம்ஃபிஸ் வழியாக வந்து சேர்ந்தவர். வேகம் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினையாற்றியதே காரணம் என்றது விசாரணை அறிக்கை; களைப்பும் இருவரையும் பாதித்திருக்கலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றது. 2014 ஜனவரியில் ஓய்வு விதிகள் இறுகின. பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு வேண்டும். பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு விமானியும் உறுதி சொல்ல வேண்டும். எங்கே குடியிருக்கலாம் என்பதில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. மகள் இந்த விபத்தைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். முந்தின நாளே கிளம்ப வேண்டும் என்று சொல்வது மாப்பிள்ளை இல்லை, அவள்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

விமானிகளில் கொடுத்துவைத்தவர்களையும் பார்த்தேன். டேடோனா பீச் அருகே ஸ்ப்ரூஸ் க்ரீக் என்று ஒரு குடியிருப்பு. நடுவில் 4,000 அடி ரன்வே. பல வீடுகளில் கார் ஷெட் இருக்க வேண்டிய இடத்தில் விமான ஷெட். நடிகர் ஜான் ட்ரவோல்டா ஒரு காலத்தில் அங்கே குடியிருந்தவர். பிறகு ஓகாலா பக்கம் போய் வீட்டு வாசலில் போயிங் 707-ஐயே நிறுத்தினார். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் எங்களை உள்ளே அழைத்துப்போனார். தெருவில் எதிரே விமானம் வந்தால் கார்தான் ஒதுங்க வேண்டும். இத்தனை வசதியோடு நீங்கள் வேலைக்குச் சொந்த விமானத்திலேயே போய்விடலாமே என்று கேட்டேன். "நானா? ஓர்லாண்டோ வரைக்கும் கார், அங்கே ஸ்டாண்ட்பை" என்றார். வாசலில் ரன்வேயை வைத்துக்கொண்டு ஸ்டாண்ட்பை!

இப்போது புதுச் சிக்கல். மாப்பிள்ளையின் சீனியாரிட்டி எண் முன்னேறி, அவர் கேப்டன் ஆகலாம் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் கேப்டன்களின் பட்டியலில் அவர் மறுபடி கடைசி. கடைசி என்றால் ரிசர்வ். ரிசர்வ் என்றால் போன் அடித்த இரண்டு மணி நேரத்தில் நெவார்க்கில் நிற்க வேண்டும். டாம்பாவிலிருந்து அது எந்த சாஸ்திரத்திலும் முடியாது. க்ராஷ் பேட் கட்டிலில் படுத்துக்கொண்டு, அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு மாதத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். சம்பளமும் தோள்பட்டைக் கோடும் கூடும். வீட்டு இட்லி குறையும். துணை விமானியாகவே இருந்தால் நல்ல அட்டவணை, பேரனின் பள்ளி விழா எல்லாம் உண்டு. அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சரியான முடிவு என்பதுதான் என் கட்சி.

சம்பந்திக்குத்தான் ஏற்கவில்லை. போன வாரம் போன் பண்ணினார். "கேப்டன் பதவியை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டானாமே! நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

நான் பேஸ், சீனியாரிட்டி, ரிசர்வ் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சம்பந்தி. பேசாம பேஸை மெட்ராஸுக்கு மாத்திக் கேட்டா என்ன?"