ஒரு தாள் மட்டும் முன்னால் வரவும்!

அச்சு இயந்திரத்துக்கு எது கஷ்டமான வேலை? நாலு வண்ணத்தில் படம் அடிப்பது என்பார்கள் பலர். அச்சகத்துக்காரர் சிரிப்பார். அடுக்கிலிருந்து ஒரே ஒரு தாளை எடுப்பதுதான் பெரும்பாடு.

மனிதனுக்கே அது லேசில்லை. பஸ் கண்டக்டரே எச்சில் தொட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். இயந்திரத்துக்கு அந்த வசதியும் இல்லை. தாள்களோ ஈரப்பதத்தாலும் நிலைமின்சாரத்தாலும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒன்றைக் கூப்பிட்டால் மூன்று வரும்.

காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு இயந்திரக் காலத்தில் ஒரு கை தாளை வைக்கும், மறு கை அடித்ததை எடுக்கும். இரண்டும் சரியான நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். இயந்திரம் காகிதத்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் பார்க்காது. 1914இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரக் கண்காட்சிக்கு வந்த ஹைடெல்பர்க் இயந்திரம் அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுத்தது. உறிஞ்சுகுழல் தாளைத் தூக்கித் தர, சுழலும் இரண்டு இரும்புக் கைகளில் ஒன்று வெள்ளைத் தாளை உள்ளே கொண்டுபோகும். மற்றது அச்சடித்ததை வெளியே கொண்டுவரும். பிற்கால மாடல்கள் மணிக்கு 5,000 தாள் வரை அடித்தன. டீ கேட்கவில்லை.

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஆஃப்செட் இயந்திரங்களுக்கு மூச்சுதான் மூலதனம். அடுக்கின் ஓரத்தில் காற்றை ஊதித் தாள்களைப் பிரிக்கும். ரப்பர் வாய்களால் மேல் தாளை உறிஞ்சித் தூக்கும். அப்படியும் இரட்டைத் தாள் வந்துவிட்டால், அதைக் கண்டுபிடித்து நிறுத்தத் தனிக் காவல் உண்டு.

அலுவலகப் பிரின்டருக்கு அவ்வளவு படை இல்லை. ஒரு ரப்பர் உருளை, எதிரே ஒரு தடுப்புப் பட்டை. உருளை தாளை இறுக்கிப் பிடிக்கும். பட்டை அதைவிடக் குறைவாக. தாளைத் தாள் பிடிப்பது எல்லாவற்றையும்விடக் குறைவு. ஆகவே மேல் தாள் உருளையோடு போகும், ஒட்டிவந்த இரண்டாம் தாளைப் பட்டை மறித்துவிடும். இந்தக் கணக்கு உருளையில் காகிதத்தூசி படியும்வரை சரியாக நடக்கும். படிந்ததும் உருளை வழுக்கும், கிளார்க் பிரின்டரின் தலையில் அறைவார், அது இன்னும் இரண்டு தாளைக் கசக்கித் துப்பும்.

அடுத்த முறை அறைவதற்குமுன் சுவிட்சை அணையுங்கள். லேசாக நனைத்த, பிசிறில்லாத துணியால் உருளையைத் துடையுங்கள். தாள்களை ஒருமுறை விசிறிவிட்டு, தட்டில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டாமல் வையுங்கள்.