வேர்க்கும் டம்ளர்

சார், உங்கள் ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மனதாரச் சொல்கிறேன், அப்படி ஓர் ஒழுங்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 40 பிள்ளைகள் இருந்தும் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டுமே கேட்டது. நவம்பரிலேயே போர்ஷனை முடித்துவிடுகிறீர்கள். அதற்கு மேல் மூன்று ரிவிஷன். பாடத்தின் பின்பக்கக் கேள்வி எதைக் கேட்டாலும் பிள்ளைகள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள்.

மேசையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை வைத்தீர்கள். வெறும் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இவ்வளவு மெனக்கெட்டதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தது. மூன்றாம் வரிசைப் பெண் எழுந்து, "எங்க வீட்டுப் பானை மாதிரி உள்ள இருக்கிற தண்ணிதான் கசியுது சார்" என்றாள். நீங்கள் அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. "தப்பும்மா, உட்காரு" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நீராவது ஆவி சுருங்குதல் என்று கரும்பலகையில் எழுதினீர்கள். அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து. ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

மண்பானை உண்மையிலேயே கசிகிறது. நுண்துளை வழியே வரும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பானைத் தண்ணீர் சில்லென்றிருப்பது அதனால்தான். அவளை இன்னும் இரண்டு வார்த்தை பேச விட்டிருந்தால், எவர்சில்வரில் துளை ஏது என்று பக்கத்துப் பையன் கேட்டிருப்பான். ஐஸ் போடாத தண்ணீருக்கு ஏன் வேர்க்கவில்லை என்று இன்னொருத்தி கேட்டிருப்பாள். உள்ளே நீல மையைக் கலக்கலாம், வெளித்துளியும் நீலமா பார்க்கலாம் என்று ஒருவன் கிளம்பியிருப்பான். டம்ளரைத் தராசில் வைத்திருப்பார்கள்: கசிவென்றால் எடை கூடாது, காற்றிலிருந்து வந்ததென்றால் கூடும். இதற்கெல்லாம் இரண்டு பீரியட் போயிருக்கும். அந்த இரண்டையும் நீங்கள் மிச்சப்படுத்தினீர்கள்.

அந்தப் பெண் சொன்னது போன்ற எண்ணங்கள் பிடுங்கி எறியவேண்டிய களை அல்ல, நிபுணரின் அறிவும் இவற்றிலிருந்துதான் வளர்கிறது என்று 1993-ல் ஜான் ஸ்மித், ஆண்ட்ரியா டிசெஸ்ஸா, ஜெரமி ரோஷெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். உங்கள் வயலில் ஒரு புல் மிச்சமில்லை, சார். அத்தனை சுத்தம்.

மாதத் தேர்வில் அந்தப் பெண்ணுக்கு இரண்டுக்கு இரண்டு. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். கரும்பலகையில் நீங்கள் எழுதிய அதே வாக்கியம், புள்ளி மாறாமல். உங்கள் உழைப்பு வீண்போகவில்லை. வாசலில் அவளைப் பார்த்தபோது, டம்ளர் ஏன் வேர்த்தது என்று கேட்டேன்.

"ஆவி சுருங்குதல் சார்."

"உங்க வீட்டுப் பானை?"

கொஞ்சமும் தயங்கவில்லை. "அதுவும் ஆவி சுருங்குதல்தான் சார்."